அப்பா விட்டுப் போன குளிசைகள்

அப்பா இறந்து 31ஆம் நாள் அமுதுச் சடங்கு முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய அலுமாரியைத் திறந்தோம். 2025 பங்குனி மாதம். உடுப்பை யார் யாருக்குக் கொடுப்பது என்று அம்மா முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்ததால் அந்த வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. மருந்துதான் முடியவில்லை. ஒரு பெரிய பிஸ்கட் பேணி, இரண்டு சொப்பின் பை, கட்டிலுக்குக் கீழே ஒரு சப்பாத்துப் பெட்டி, அதை விட பிரிஜ் கதவில் இன்சுலின். எல்லாவற்றையும் கொண்டுவந்து முன் விறாந்தையில் ஒரு பன்பாயை விரித்துக் கொட்டினேன். பாய் நிறைந்துவிட்டது.

எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மருந்தை என்ன செய்வது என்று தேடியபோது எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் பாதி இந்த மணலுக்குப் பொருந்தவில்லை.

அப்பாவுக்கு சீனி வருத்தம் 19 வருடம், பிறகு பிறசர், பிறகு நெஞ்சு வருத்தம். மாதாமாதம் கிளினிக். அதோடு இடைக்கிடை ஒரு பிரைவேட் டொக்டர். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கிளினிக்கில் பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு மீதிக்குத் துண்டு எழுதித் தருவார்கள், அந்தத் துண்டைக் கொண்டு களுவாஞ்சிகுடி முதல் கல்முனை வரைக்கும் பாமசி பாமசியாக ஏறி இறங்க வேண்டும், பெற்றோலும் இல்லாத காலம். அப்போது அப்பா பயந்துவிட்டார். எங்கே மெட்போமின் என்ற சீனிக் குளிசையைக் கண்டாலும் வாங்கினார். கட்டாரில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும் கூட்டாளிகளிடம் கொடுத்தனுப்பினார். பன்பாயில் கிடந்த பெட்டிகளில் பல அரபு எழுத்தோடு, உடைக்காமல், அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்தேன். மெட்போமின் மட்டும் 640. பிறசர் குளிசை லோசார்டன் 210. கொழுப்புக் குளிசை ஒரு சொப்பின் பையில் பாதி. பெரும்பாலானவற்றுக்குத் திகதி 2024இல் முடிந்திருந்தது.

அதைப் பார்க்கும்போது எனக்கு வந்தது கவலை மட்டுமில்லை. அதே 2022இல் எங்கள் ஊரில் ஒரு அட்டை மெட்போமினுக்காக மூன்று கடை திரும்பி வெறுங்கையோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அலுமாரியில் அது இரண்டு வருடம் சும்மா கிடந்திருக்கிறது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, அவர் பயம் நியாயமான பயம்.

சரி, இதை என்ன செய்வது?

தம்பி யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் காலையில் வளவு கூட்டி, சருகையும் காய்ந்த ஓலையையும் ஒரு மூலையில் குவித்துக் கொளுத்துவது வழக்கம். மறுநாள் காலையில் அவன் ஒரு சொப்பின் பையை அப்படியே தூக்கி அந்த நெருப்பில் போட்டுவிட்டான். நான் குசினியில் இருந்தேன். முதலில் ஒரு மணம் வந்தது, பிளாஸ்டிக் எரிகிற மணத்தோடு தொண்டையைக் கரகரவென்று பிடிக்கிற ஏதோ ஒன்று. அப்புறம் வெடித்தது. கிணற்றுக் கட்டில் ஏதோ ஓங்கி அடித்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆஸ்துமாவுக்கு அம்மா வாயில் அடித்து இழுக்கும் முட்டுப் பம், அதில் பழையது ஒன்றின் தகரக் குப்பி, வாய் கிழிந்து, கிணற்றடியில் கிடக்கிறது. அந்த இடத்தில் கொஞ்சம் முன்னர்தான் என் சின்ன மகன் பல் தீட்டிக்கொண்டு நின்றான். கிணற்றுக் கட்டின் சீமெந்து ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பெயர்ந்திருந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது.

பம் என்பது அழுத்தி அடைத்த வாயுக் குப்பி. அதில் 'ஓட்டை போடாதே, நெருப்பில் இடாதே' என்று எழுதியே இருக்கிறது, ஆனால் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில். காலியாகிவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் உள்ளே மிச்சம் இருக்கும். குளிசை அட்டையோ பி.வி.சி. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியது. அதை ஓலை நெருப்பில் போட்டால் நஞ்சுப் புகைதான் வரும், மருந்தும் முழுதாக எரியாது. மருந்துக் கழிவை எரிப்பதற்கு உலக சுகாதார அமைப்பு 1999இல் ஒரு வழிகாட்டியில் சொன்னது குறைந்தது 850 பாகை வெப்பமும் இரண்டு அறை உள்ள உலையும். புத்தளத்தில் சீமெந்து சுடும் சூளையில் தொழிற்சாலைக் கழிவுகளை அழிக்கிறார்கள், அது 1400 பாகை போகிற சூளை. எங்கள் வளவு மூலை எங்கே, அது எங்கே.

அம்மா சொன்னது, "வாழையடியில ஒரு கிடங்கு வெட்டித் தாட்டு விடுங்க." நானும் மண்வெட்டியை எடுத்துவிட்டேன். வெட்டிக்கொண்டு போகும்போது மூன்றாவது அடியில் மணல் ஈரமாக வந்தது, நாலாவது அடியில் கிடங்கின் அடியில் தண்ணீர் ஊறியது. பங்குனியில் இப்படி. கார்த்திகை மார்கழியில் எங்கள் கிணற்றில் குனிந்து கையால் வாளியில் அள்ளலாம். வாழையடியிலிருந்து கிணறு பதினைந்து அடி தூரம் இருக்காது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், பக்கத்து வளவார் அதே மணலில் ஊறும் தண்ணீரைத்தான் கத்தரிக்கும் வெற்றிலைக்கும் இறைக்கிறார்கள். மருந்தைக் கரைத்து மலசலகூடத்தில் ஊற்றினாலும் இதே கதைதான். எங்களுக்குப் பெரிய கழிவுநீர்க் குழாய் இல்லை, சுத்திகரிப்பு இல்லை, குழிதான். அமெரிக்காவில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. ஒரு சின்னப் பட்டியலில் உள்ள மருந்துகளை மட்டும், பெரும்பாலும் கடுமையான வலி மருந்துகள், திருப்பிக் கொடுக்க வேறு வழி இல்லாவிட்டால், கொமட்டில் போட்டுத் தண்ணீர் அடிக்கச் சொல்கிறது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு யாராவது செய்யப்போனால் எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் இருக்கும் எங்கள் ஊர்களில், அது நேரே கிணற்றுக்குப் போகும். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு கிடங்கை மூடினேன்.

மூத்த மகன், "அப்ப ஆத்துல போட்டா என்னம்மா, இவ்வளவு பெரிய ஆறு" என்றான். ஊரில் வாவியை ஆறு என்றும் சொல்வோம். வாவி பெரிதுதான். ஆனால் முகத்துவாரம் வருடத்தில் பல மாதம் மணல் மூடிக் கிடக்கிறது, மாரி வெள்ளம் வந்து ஆற்றுவாய் வெட்டும்வரை தண்ணீர் வெளியே போக வழி குறைவு. போட்டது உள்ளேயே நிற்கும். கனடாவில் விஞ்ஞானிகள் செய்த ஒரு பரிசோதனையை அவனுக்குச் சொன்னேன். 2001இலிருந்து மூன்று கோடைகாலம் ஒரு சின்ன ஏரியில் கருத்தடைக் குளிசையில் இருக்கும் ஹோர்மோனைக் கலந்து பார்த்தார்கள். கலந்த அளவு ஒரு லீற்றருக்கு ஐந்தாறு நானோகிராம், கண்ணுக்கு இல்லை, நாக்குக்கும் இல்லை. அவ்வளவுக்கே அங்கிருந்த ஒரு சின்ன மீன் இனத்தில் ஆண் மீன்கள் முட்டைக்குரிய புரதத்தை உண்டாக்கத் தொடங்கி, இனமே ஏறக்குறைய இல்லாமல் போனது. நம் வாவியில் யாரும் அப்படி அளந்து ஊற்றவில்லை. ஆனால் அதில் பிடிக்கும் இறாலையும் கோல்டன் மீனையும்தான் கிழமையில் மூன்று நாள் சமைக்கிறோம்.

இதற்கிடையில் பக்கத்து வளவுப் பெரியம்மா வந்தார். பாயைப் பார்த்தார். "வீசப்போறியா புள்ள? எனக்கும் அதே சீனிதானே, தா." கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, அதுவும் அப்பாவுக்கு கடைசிக் காலத்தில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த மனுசி. ஆனால் நான் கொடுக்கவில்லை. காரணம் 2021இல் ஒரு இரவு.

அன்று இரவு மூன்று மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், சாரமும் தலையணையும் பிழிந்தெடுக்கலாம் போல வியர்வை, கை நடுங்குகிறது, என்னைப் பார்த்து என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சீனி பார்க்கிற மெசினில் 48 காட்டியது, சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. சுடுதண்ணீரில் நாலு கரண்டி சீனி கலக்கி, ஆறவைத்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். நல்ல வேளை அவருக்கு விழுங்கத் தெரிந்தது, மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக்கூடாது. விடியத்தான் காரணம் விளங்கியது. கிளினிக்கில் கொடுத்தது கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை. பிரைவேட்டாக வாங்கியதும் கிளிக்லசைட்தான், ஆனால் வேறு கம்பனிப் பெயரில், வேறு நிறப் பெட்டியில். அப்பா இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒரு கிழமையாக இரண்டையும் போட்டிருக்கிறார். மிச்சம் மீதி எல்லாம் ஒரே பேணியில் கிடந்தால் இப்படித்தான் நடக்கும். அன்றிலிருந்து நான் பெட்டியில் பெரிய எழுத்தைப் பார்ப்பதில்லை, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரைத்தான் பார்க்கிறேன். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய உழைப்பில்தான். அந்த உழைப்பின் அருமை எனக்கு அந்த 48இல்தான் புரிந்தது.

பெரியம்மாவிடம், "உங்கட கொப்பிய எடுத்திட்டு வாங்க, நான் உங்களோட கிளினிக்குக்கு வாறன்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சிறுநீரகத்தில் ஏதோ இருக்கிறது என்று அப்புறம் அங்கே போனபோதுதான் தெரிந்தது, மெட்போமினை அவருக்கு ஏற்கனவே நிறுத்தியிருந்தார்கள். கொடுத்திருந்தால்?

கடைசியில் நான் போனது எங்கள் வழக்கமான பாமசிக்கு. அங்கே இருக்கும் அண்ணன் பல வருடமாக அப்பாவைத் தெரிந்தவர். அவர் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், பழைய மருந்து போடும் பெட்டி என்று ஒன்றும் அங்கே இல்லை. ஆனால் கடையில் ஆள் குறைந்த நேரமாக வரச்சொல்லி, முக்கால் மணித்தியாலம் என்னோடு நின்று பிரித்துத் தந்தார். "டீச்சர், எல்லாத்தையும் ஒரே கண்ணால பார்க்காதீங்க, கூறு கூறாப் பிரிக்கணும்" என்றார்.

முதல் கூறு, ஒருபோதும் குப்பைக்குப் போகக்கூடாதவை. அதில் அவர் எடுத்து வைத்த முதல் பொருள் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் கால் எரிவுக்குக் கொடுத்த பிரிகபலின் கப்சூல்கள், நாலு அட்டை. இதை இப்போது பொடியன்கள் போதைக்குத் தேடுகிறார்கள், பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. நான் அதைச் சொப்பின் பையில் கட்டி ரோட்டோரம் வைத்திருந்தால் யார் கையில் போயிருக்குமோ. புற்றுநோய்க்காரருக்குக் கொடுக்கும் மோர்பின், ட்ரமடோல், தூக்கக் குளிசை எல்லாம் இந்தக் கூறுதான். புற்றுநோய்க் குளிசைகளும் அப்படியே, அவற்றைக் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி தந்ததோ அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஊசியும் இன்சுலினும் பம்மும். ஊசியை அப்பா மூடியைப் போட்டு ஒரு தயிர்ச் சட்டியில் போட்டு வைத்திருந்தார். குப்பை அள்ளுகிற தம்பிமார் பையை வெறுங்கையால் தூக்குவதை நான் தினமும் காண்கிறேன், குத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ எதுவும் தொற்றலாம். தடித்த பிளாஸ்டிக் போத்தல், உடுப்புத் தோய்க்கிற திரவம் வருகிறதே அந்த மாதிரி, அதில் ஊசிகளைப் போட்டு மூடியை இறுக்கி பிளாஸ்டர் சுற்றச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஊசிக்கென்று சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி இருக்கும், கடைசியில் அங்கேதான் போக வேண்டும்.

மூன்றாவது கூறுதான் பெரிது, மெட்போமின், லோசார்டன், கொழுப்புக் குளிசையான அட்டோவாஸ்டட்டின், விற்றமின், வாயுக் குளிசை. இதை ஆஸ்பத்திரியில் எடுத்தால் அங்கே, எடுக்காவிட்டால் மட்டும் வீட்டிலே செய்யலாம் என்று ஒரு முறை சொன்னார். குளிசையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கணும், ஆனால் இடிக்கக்கூடாது, கரைக்கக்கூடாது, இடித்தால் தூள் மூச்சில் போகும். மூடியுள்ள போத்தலில் குளிசையும் ஈரமான தேயிலைச் சக்கையும் கொஞ்சம் மண்ணும் மாறி மாறிப் போட்டு, யாரும் எடுத்துத் தின்ன நினைக்காத அளவுக்குக் கலந்து, மூடியை இறுக்கி, பிளாஸ்டர் ஒட்டி, பிரதேச சபை டிராக்டர் உக்காத குப்பை எடுக்கிற நாளில் கையில் கொடுக்க வேண்டும். ஆடு மாடு பை கிழிக்கிற இடத்தில் வைத்துவிட்டு வரக்கூடாது. அட்டை, பெட்டி தனியாக. கவரில் எழுதியிருக்கும் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் மார்க்கரால் அழித்துவிட வேண்டும். பாணி மருந்து என்றால் அதே போத்தலில் தேயிலையையும் மண்ணையும் கொட்டிக் குலுக்கி மூடினால் போதும், பீலியில் ஊற்ற வேண்டாம்.

அன்டிபயோட்டிக்கை மட்டும் முதல் கூறோடு சேர்த்தார். அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் போனால் அங்கே இருக்கும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். அப்பாவின் பேணியில் அமொக்சிசிலின் பாதிப்பாதியாக ஆறு கவர் இருந்தது. சுகம் வந்ததும் நிறுத்தியிருக்கிறார், ஆறு தடவை.

அடுத்த கிளினிக் நாளில் முதல் இரண்டு கூறையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் யன்னலில், இதெல்லாம் இங்கே எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்திருப்பேன். ஒரு வயதான மிஸி பார்த்துவிட்டு, மருந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் பிரிகபலினை எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார், ஊசிப் போத்தலை வாங்கினார், பம்மையும் வாங்கினார். மூன்றாவது கூறில் திகதி முடியாத லோசார்டன் மூன்று பெட்டி சீல் உடைக்காமல் இருந்தது, அதையும் கொண்டுபோயிருந்தேன், யாருக்காவது கொடுங்கள் என்றேன். "வாங்குவேன், ஆனா ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டேன், அழிக்கிறதோட சேர்ப்பேன்" என்றார். என் முகம் போனதைப் பார்த்து விளக்கினார். வீட்டுக்குப் போய் வந்த மருந்து என்ன சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தகரக் கூரை வீடு, கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம், அலுமாரிக்குள் 30 பாகையைத் தாண்டித்தான் இருக்கும். பெட்டி புதுசாகத் தெரியும், உள்ளே மருந்து எப்படியோ. எனக்கு அது சரி என்று பட்டது, மனம் மட்டும் ஆறவில்லை.

எனக்கு 2004 சுனாமி நினைவு வந்தது. நாங்கள் ஒரு பாடசாலை முகாமில் இருந்தோம், ஒரு வகுப்பறையில் மருந்துப் பெட்டிகள் கூரை வரைக்கும், எந்த மொழி என்றே தெரியாத எழுத்து. அதே சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேக்கு மட்டும் சுமார் 4000 தொன் மருந்து போய்ச் சேர்ந்தது, அதில் கணிசமானதை அழிக்கவே தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. நல்ல மனதோடு கொடுத்ததுதான் எல்லாம்.

பேணியில் இன்னொன்று இருந்தது, இதை மறக்காமல் சொல்ல வேண்டும். நெஞ்சு நோவு வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற ஜி.டி.என். குளிசை. அப்பா அதைப் போத்தலில் இருந்து எடுத்து ஒரு சின்னப் பொலித்தீன் கவரில் போட்டு, லேஞ்சிக்குள் சுற்றி, சேர்ட் பையில் எட்டு மாதம் கொண்டு திரிந்திருக்கிறார். அந்த மருந்து ஆவியாகிப் போகிற சாமான். கண்ணாடிப் போத்தலில், இறுக்கிய மூடிக்குள்தான் இருக்க வேண்டும், திறந்து எட்டுக் கிழமையில் மாற்ற வேண்டும். மெட்போமின் திகதி தாண்டினால் மறுநாளே நஞ்சாகிவிடாது, வீரியம் குறையும் அவ்வளவுதான். ஆனால் ஜி.டி.என்., இன்சுலின், திறந்து ஒரு மாதமான கண் மருந்து, தண்ணீர் விட்டுக் கலக்கிய பிள்ளைகளின் அன்டிபயோட்டிக் பாணி, இவற்றில் விளையாட முடியாது. அவர் நெஞ்சைப் பிடித்த அந்தக் கடைசி நாளில் நாக்குக்குக் கீழே வைத்தது அந்தக் கவரில் இருந்த குளிசைதான். அதனால்தான் என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவர் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது கூறின் மீதியை மட்டும் ஆஸ்பத்திரியில் எடுக்கவில்லை, இடமில்லை என்றார்கள். ஆகவே இரண்டு இரவு இருந்து 900க்கு மேற்பட்ட குளிசையைப் பிதுக்கினோம், கையுறை போட்டு, பிள்ளைகளை உள்ளே விடாமல், நானும் தம்பியும். பெருவிரல் நோவெடுத்தது. ஐந்து போத்தல் வந்தது.

இப்போது வீட்டில் அம்மாவின் மருந்து மட்டும்தான். பேணியை எறிந்துவிட்டு, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். அட்டையை வெட்டும்போது திகதி உள்ள ஓரம் முதலில் போய்விடுகிறது என்பதால், அந்த ஓரத்தைக் கடைசியாக வெட்டச் சொல்லிப் பாமசியில் கேட்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. கிளினிக்கில் கடதாசிக் கவரில் எண்ணித் தரும் குளிசையில் திகதியே இருக்காது, ஆகவே வாங்கிய நாளை அந்தக் கவரிலேயே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு கிளினிக்குக்கும் முதல் நாள் இரவு மிச்சத்தை எண்ணிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதுகிறேன். முதல் தடவை மருந்து கொடுக்கும் இடத்தில், "20 கிடக்கு, பத்துத் தந்தாப் போதும்" என்று சொன்னபோது அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு ஐயாவும் தன் கவரைத் திறந்து எண்ணத் தொடங்கினார்.

அடுத்த புதன்கிழமை மறுபடி கிளினிக். லோசார்டன் 14 மிச்சம், பம் இன்னும் பாதி இருக்கிறது. பெரியம்மாவும் வருகிறார், அவருடைய பையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.